இன்னும் பின்னால ஓட்டு

வீடியோ நடுவர் வந்தால் நியாயமும் கூடவே வரும் என்று நம்பியது ஒரு கடலோர ஊர். கால்பந்துப் போட்டி நடத்தியவர் விசைப்படகு முதலாளி தொபியாஸ். இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் அவர் அணி, எதிரே அவர் படகில் வலை இழுக்கும் கூலிகளின் அணி. பதினொரு வருஷமாக அவர்கள் கோப்பையைத் தொட்டதில்லை. கேமரா பிடித்தவர் கல்யாணப் படம் எடுக்கிற கிளீட்டஸ்.

கடைசி நிமிஷத்தில் கூலிகள் கோல் போட்டார்கள். தொபியாஸ் குதித்து எழுந்தார்.

"ஏலே கிளீட்டஸ், இது கோல் இல்லன்னு திரையில காட்டு!"

"தப்பு ஒண்ணும் தெரியலியே முதலாளி."

"தெரியுற வரைக்கும் பின்னால ஓட்டு!"

பெரிய திரையில் பந்து வலையை விட்டு வெளியே வந்தது. "இன்னும் பின்னால" என்றார் முதலாளி. இடைவேளை கடந்தது, முதல் விசிலும் கடந்தது.

பெண் கோயில் வாசலுக்கு வருமுன்பே கேமராவை ஓடவிடுவது கல்யாணப் படக்காரர் வழக்கம். அதனால் ஆட்டத்துக்கு முந்தைய காட்சியும் திரையில் வந்தது. தொபியாஸ் நடுவரிடம் கோப்பையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வென்ற அணி என்று அவர் அணியின் பெயரை அதில் அப்போதே பொறித்திருந்தார்கள்.

கிளீட்டஸ் அங்கே நிறுத்தினார். "தப்பு கிடைச்சிட்டு முதலாளி."

மைதானமே ஊளையிட்டது. தொபியாஸ் நடுவரைப் பார்த்தார். நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விசில் ஊதினார்.

"யாரு ஜெயிச்சாங்கன்னு வீடியோவுல தெளிவாத் தெரியுது. கோல் செல்லாது. வீடியோவுக்கு மேல அப்பீல் கிடையாது."