கொட்டைப்பாக்கு அளவு புளி

"கேஸ் போச்சு மேடம்."

வக்கீல் உலகம்மாளின் மேசையில் ஹெல்மெட்டை டொக்கென்று வைத்தார் இருதயராஜ். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்ட மனுஷர். அவருக்கு வயசு அறுபத்திரண்டு. சீனியர் உலகம்மாளுக்கு நாற்பத்தொன்று.

"யார் போக்கினா?" என்றாள் உலகம்மாள்.

"நம்ம சண்முகக்கனிதான். வேற யாரு?"

சண்முகக்கனி அங்கன்வாடியில் சமையல் செய்கிறவள். பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். அது வெடித்தது. வலது கண் போய்விட்டது. கண் போன கையோடு, கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், குக்கர் செய்த கம்பெனியோ கோர்ட்டில் ஒரே வார்த்தைதான் சொன்னது: எல்லாம் அவள் தப்பு.

"கூண்டுல ஏறுறதுக்கு முன்னாடி படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மேடம். புளியைப் பத்தி வாயைத் திறக்காதேன்னேன். அவங்க வக்கீல் கேட்டதுதான் தாமதம், 'ஆமாய்யா, கொட்டைப்பாக்கு அளவு புளி போட்டேன். போடலேன்னா குக்கர் உள்ள கறுத்துப்போகும்லா' அப்படின்னு சொல்லிட்டா."

"நெசந்தானே?"

"நெசம்தான். அந்தப் புளியில இருந்த கோது விசில் குழாய்ல போய் அடைச்சதும் நெசம்தான். அதான் வெடிச்சதுன்னு அவன் குதிக்கிறான். குக்கரோட கொடுத்த புஸ்தகத்துல பதினேழாவது வரியில 'புளி போடாதீர்'னு இருக்காம். எறும்பு சைஸ் எழுத்து. நான் கண்ணாடி போட்டும் தெரியலே."

இருதயராஜுக்கு அவ்வளவு கோபம். இருக்காதா பின்னே? தென்காசியில் குக்கர் இருக்கிற வீட்டில் புளி போடாத கை எந்தக் கை? அத்தனை வீட்டுக்கும் குக்கரை விற்றுக் காசு பார்த்தவனுக்கு அது தெரியாதாம். கண்ணைப் பறிகொடுத்தவள் பதினேழாவது வரியைப் படித்திருக்க வேண்டுமாம்.

"நாளைக்கு அவங்க எஞ்சினியரை நான் குறுக்கு விசாரணை பண்ணணும். என்னத்தைக் கேக்க? தப்பு நம்ம ஆள் மேலதான்னு ஆயிட்டுதே. மறுபடி அவளைக் கூண்டுல ஏத்தி, பதட்டத்துல சொல்லிட்டேன்னு மாத்திச் சொல்ல வைக்கலாமா?"

உலகம்மாள் எழுந்தாள். மேசையில் இருந்த ஹெல்மெட்டை எடுத்தாள். பீரோவைத் திறந்து உள்ளே வைத்தாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போங்க சார்."

"ஹெல்மெட்டு?"

"அது எதுக்கு உங்களுக்கு? ஒழுங்காத்தானே வண்டி ஓட்டுவீங்க?"

"ஓட்டுவேன்."

"செல் பேசிக்கிட்டு ஓட்ட மாட்டீங்க. ஒன்வேயில போக மாட்டீங்க. வாத்தியார் வேற."

"என்ன மேடம், நான் வயிறெரிஞ்சு வந்து நிக்கேன். நீங்க வெளாடுதீங்க."

"வெளாட்டு இல்லே. தப்பே பண்ணாத ஆளுக்கு ஹெல்மெட் என்னத்துக்குன்னு கேக்கேன்."

"மனுஷன்னா ஒரு நா இல்லே ஒரு நா கண்ணு அசரும்."

"அசந்தா அது உங்க தப்பு. விழுந்து வாரிக்கிட்டுக் கெடங்க."

இருதயராஜுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடமே நடுங்கிய அந்தப் பழைய குரல் எழும்பிவிட்டது.

"என் தப்பாவே இருக்கட்டும். ஒடையப்போறது என் மண்டை இல்லையா? அதுக்குத்தானே அந்தச் சனியனைத் தூக்கித் தலையில..."

நிறுத்தினார்.

உலகம்மாள் பீரோவைத் திறந்து ஹெல்மெட்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாசல்வரை போய், திரும்பி வந்து, கேஸ் கட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கோர்ட்டில் கம்பெனி எஞ்சினியர் கூண்டில் ஏறினார். மடிப்புக் கலையாத சட்டை. சண்முகக்கனி முதல் வரிசையில், கண்ணுக்கு மேல் முந்தானையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெடித்த மூடியில் இருந்து கழற்றிய சேஃப்டி வால்வை இருதயராஜ் அவர் கையில் கொடுத்தார். கோலிக்குண்டில் பாதி இருக்கும்.

"இது எதுக்குங்க?"

"விசில் குழாய் அடைச்சுக்கிட்டா இது உருகி ஆவிக்கு வழிவிடும்."

"இது உருகியிருக்கா?"

எஞ்சினியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லை. ஆனா, அவங்க புளி போட்டாங்க."

"போட்டாங்க. நாங்க இல்லேங்கலே. விசில் குழாய் சும்மா இருக்கும்போது தானா அடைக்குமா?"

"அடைக்காது சார். ஒழுங்கா சமைச்சா அடைக்கவே அடைக்காது. ஜனங்க அளவுக்கு மேல பருப்பைப் போடுவாங்க. குழாயைக் கழுவ மாட்டாங்க. அதனாலதான் அடைக்கும்."

"அப்படி அடைச்சா யார் தப்பு?"

"சமைக்கிறவங்க தப்புதான்." எஞ்சினியர் நிமிர்ந்து நின்றார். கம்பெனி வக்கீல் தலையாட்டினார்.

"அப்ப இந்த வால்வை யாருக்காக வச்சீங்க?"

எஞ்சினியர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அவசர அவசரமாக எதையோ தேடிக் காகிதத்தைப் புரட்டினார்.

"பதில் சொல்லுங்க" என்றார் ஜட்ஜ்.

காலையில் இருந்து அந்தப் பக்கமே திரும்பாத எஞ்சினியர், முதல் தடவையாகச் சண்முகக்கனியைப் பார்த்தார்.

"தப்புப் பண்றவங்களுக்காக" என்றார்.