குப்பை வண்டியை மறித்தவள்

முன்னொரு காலத்தில் கொன்றைப்பட்டணத்தை மகுடசேனன் என்ற ராஜா ஆண்டான். மூக்கைப் பொத்திக்கொண்டே ஆண்டான். ஊர் ஏரி அப்படி நாறியது. நகரசுத்தி அதிகாரி பூவணராயரோ வாரம் தவறாமல் தண்டோரா போட்டார்: "ஜனங்களே, விழிப்படையுங்கள்! ஏரியைக் காப்பது உங்கள் கடமை!"

ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள். வந்தது வினை.

குப்பை கொட்ட வந்த மாட்டுவண்டியை ஏரிக்கரைத் தெருவே திரண்டு மறித்தது. வண்டிக்காரன் குதித்து ஓடிவிட்டான். முன்னால் நின்ற குருவம்மாளைச் சேவகர்கள் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"அரசே, வண்டி இவர்களுடையதுதான். தாங்களே கொட்டிவிட்டு நாடகமாடுகிறார்கள். இவளை ஊரைவிட்டே துரத்த வேண்டும்" என்றார் ராயர்.

"என் மக அந்தத் தண்ணியைக் குடிச்சு வாந்திபேதியில கிடக்கா. நானாய்யா கொட்டுவேன்? உங்க வாய் அழுகிப்போக!" என்று சீறினாள் குருவம்மாள்.

"பார்த்தீர்களா திமிரை!"

ராஜாவுக்குச் சாப்பாட்டு நேரம். "துரத்துங்கள்" என்று எழுந்துவிட்டான்.

அமைச்சர் ஆதவநம்பி குறுக்கே வந்தார். "அரசே, வண்டி யாருடையது என்று மாடுகளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துரத்தலாமே?"

அமைச்சர் என்றாலே ராயருக்கு வயிற்றெரிச்சல். "மாட்டையா? நம்பிக்கு மூளை கலங்கிவிட்டது" என்று சிரித்தார். ராஜாவும் சிரித்தான். ஆனால் வேடிக்கை என்றால் அவனுக்கு உயிர். பல்லக்கில் ஏறினான்.

ஏரிக்கரையில் வண்டியைக் காலி செய்து, ஓட்ட ஆளில்லாமலே மாடுகளைத் தட்டிவிட்டார் அமைச்சர். பின்னாலேயே ஊரும் நடந்தது. மாடுகள் ஏரிக்கரைத் தெருவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ராயர் வீட்டுக் கொல்லைக்குப் போய்த் தொட்டியில் வாய் வைத்தன. ராயர் முகத்தில் ஈயாடவில்லை.

கொட்டுகிறவனே கொட்டாதே என்று கத்தினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? "அடப்பாவி! இதற்குத் தண்டோரா வேறா?" என்று ராஜா வாளை உருவினான்.

"பொறுங்கள் அரசே. மாடுகள் இன்னும் பேசி முடிக்கவில்லை" என்றார் அமைச்சர்.

மாடுகள் மறுபடி நடந்தன. அரண்மனை மடைப்பள்ளியின் பின்வாசலில், பழகிய இடத்தில் போய் நின்றன. உள்ளேயிருந்து தலையைக்கூட நீட்டாமல் ஒருவன் எச்சில் இலைக் கூடையை வண்டியில் கவிழ்த்தான்.

"எங்கேய்யா போய்த் தொலைஞ்சே? ராஜா வீட்டு விருந்து, மலையா குவிஞ்சு கிடக்கு. சீக்கிரம் ஏரியில கொட்டிட்டு வா!"

ஊர் சிரிக்கவில்லை. முறைத்தது. உருவிய வாளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான் ராஜா.

ராயருக்குப் பதவி போய், கைக்கு மண்வெட்டி வந்தது, ஏரியைத் தூர்வார. அமைச்சர் கழுத்துக்கு முத்துமாலை வந்தது.

"உனக்கென்ன வேண்டும் குருவம்மா? பொன்னா, நிலமா?" என்று கேட்டான் ராஜா.

"அதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. அந்தப் பின்வாசல்ல எங்க தெரு ஆளுங்க நிக்கணும். எங்களைக் கேட்காம ஒரு வண்டி வெளியே போகக் கூடாது."

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றான்.

மறுநாளே ஒரு வண்டி, அரண்மனைக் கொடி கட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் திரும்பப் பார்த்தது. பின்வாசலில் குருவம்மாள்.

"ஏம்மா, ராஜா வண்டிம்மா இது!" என்றான் வண்டிக்காரன்.

"தெரியுதே. திருப்பு."