சென்னியப்பன் பின்னால் வந்த கூட்டம்

சிரிப்பு வரும். நிச்சயம் வரும். ஆனால் அதற்குமுன் சென்னியப்பன் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டும். அதுவரை வருகிற சிரிப்பை வாயிலேயே வைத்திருங்கள்.

சென்னியப்பன் தனியார் பஸ் டிரைவர். கோயம்புத்தூரில் எடுத்தால் பொள்ளாச்சியில் போய் நிறுத்துவார். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. முன்னால் இன்னொரு பஸ் போனால் அவருக்குப் பொறுக்காது. அதை முந்தினால்தான் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற ஆட்கள் தன் பஸ்ஸில் ஏறுவார்கள். ஹாரனும் அதையேதான் சொல்லும்: பாம், பாபாபாம், ஒதுங்கு, ஒதுங்கு, நான் வர்றேன்ல.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தினமும் சக்கரத்தில் போகிற அந்தத் தூரத்தை ஒரே ஒரு தடவை காலால் கடந்துவிட வேண்டும். ஆண்டுக்கொரு தடவை அதே சாலையில் மாரத்தான் நடந்தது. இரண்டு தடவை ஓடினார். இரண்டு தடவையும் பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்தார். ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வருகிற வேன் அவரையும் ஏற்றிக்கொண்டது. அந்த வேனின் டிரைவர் மாட்டுவண்டி மாதிரி உருட்டினான். வலியைவிட அதுதான் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு பிரிசில்லா டீச்சரைத் தேடிப் போனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவர்.

"ஏனுங்க டீச்சர், நான் ஏன் பாதியிலயே நின்னுபோறேன்?"

டீச்சர் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆரம்பத்துல என்ன பண்ணுவீங்கண்ணா?"

"முன்னால போறவங்களை எல்லாம் முந்துவேனுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க எல்லாரும் என்னை முந்துவாங்க."

"மெதுவாப் போங்கன்னு யாரும் சொல்லலையா?"

"சொல்லாதவங்களே இல்லீங்க. காலு கேக்க மாட்டேங்குது."

டீச்சர் சாக்கின் வாயைக் கட்டினார்.

"ஞாயித்துக்கிழமை டவுன்ல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் இருக்கு. அதை ஓடுங்க. பார்த்துட்டு, பெரிய ஓட்டத்துக்கு உங்களைத் தயார் பண்றதா வேண்டாமான்னு சொல்றேன்."

"வேண்டாம்னுட்டீங்கன்னா?"

"நிம்மதியா பஸ் ஓட்டுங்க."

சென்னியப்பன் ஜெயித்துக் காட்டிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

ஞாயிறு காலை. மைக்கில் ஒருவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். "அலோ, அலோ, மைக் டெஸ்ட்டிங், அன்பார்ந்த ஓட்டப் பெருமக்களே, வாழைப்பழத்தை இப்போதே எடுக்க வேண்டாம், அலோ."

டீச்சர் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியோடு வந்தார். குச்சியில் மஞ்சள் துணி சுருட்டிக் கட்டியிருந்தது. அதைச் சென்னியப்பன் முதுகில் ஒரு பட்டையால் இறுக்கினார்.

"இது எதுக்குங்க?"

"இவ்வளவு கூட்டத்துல உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. சென்னியப்பன் ஓட்டம் தொடங்கும் கோட்டைப் பார்த்துத் திரும்பினார். டீச்சர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். துணி விரிந்து அவர் தலைக்கு மேல் ஆடியது. அதில் பெரிய எழுத்தில் இருந்தது: நாற்பது நிமிடத்தில் முடிக்க நினைப்பவர்கள் என் பின்னால் வாருங்கள்.

சிரிக்காதீர்கள். ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை.

வெடி வெடித்ததும் சென்னியப்பன் மிதித்தார். பத்துப் பேரை முந்தினார், இன்னும் பத்துப் பேரை முந்தினார். அப்போதுதான் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. ஒரு கூட்டமே ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். இன்னும் அழுத்தினார். கூட்டமும் அழுத்தியது.

"அண்ணா," என்றது ஒரு பெண் குரல், மூச்சு இரைக்க. "கொஞ்சம் மெதுவாங்கண்ணா. உங்களை நம்பித்தானுங்க வர்றோம்."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பருமனான ஒரு பெண். பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் இருபது முப்பது முகங்கள். எல்லாம் அவரையே பார்த்தன, ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி.

அட, நம்ம பஸ்ல வர்றவங்க போலிருக்கு, என்று நினைத்துக்கொண்டார். டிரைவரை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவருடைய கால் தானாக வேகத்தைக் குறைத்தது. ஆள் நின்றுகொண்டு வருகிற வண்டியை எந்த டிரைவரும் குலுக்கி ஓட்ட மாட்டான்.

"இது சரி, இதே வேகம், இதே வேகம்," என்றார் தொப்பிக்காரர், கடிகாரத்தைப் பார்த்து. பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் பேசுகிற அதே மூக்குக் குரல்.

"சரிங்க சார்," என்றார் சென்னியப்பன்.

கல்லூரிப் பையன்கள் நாலு பேர் கூவிக்கொண்டே அவரை முந்தினார்கள். கால் துடித்தது. பின்னால் பருமனான பெண் இருமினாள். கால் அடங்கிவிட்டது.

மேம்பாலம் வந்தது.

"மேடு வருதுங்க," என்று குரல் கொடுத்தார். "அவசரப்படாதீங்க. சின்னச் சின்னதா எடுத்து வைங்க. யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன்."

"ஆத்தா, தாயே, பார்த்துக்கோ," என்றாள் அந்தப் பெண்.

"ஆத்தா பார்த்துக்குவா. நீங்க கையை வீசுங்கம்மா."

பாலத்தின் உச்சியில் காற்று வந்தது. சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கவில்லை. இது அவருக்கே புதிதாக இருந்தது. ஸ்டியரிங் இல்லாமல் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நினைக்கையில் முகம் மலர்ந்துவிட்டது. இறக்கத்தில் ஒரு தடவை வாயாலேயே ஹாரன் அடித்தார். கூட்டம் கைதட்டியது.

எல்லாரும் சேர்ந்தே முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். தொப்பிக்காரர் கடிகாரத்தை அழுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பெண் வாழைப்பழத்தை உரித்தே கொடுத்தாள்.

அதன் பிறகுதான் சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது, ஜெயிக்க வந்தவர் தான் என்று. தலை தொங்கப் போய் டீச்சர் முன்னால் நின்றார்.

"விட்டுட்டனுங்க. நம்ம பஸ் ஜனங்க கூடவே வந்துட்டாங்க. அவங்களை உதறிட்டு எப்படிங்க ஓடறது?"

"மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க."

"கால் வலிக்குதா?"

"இல்லீங்க. இப்படியே விட்டா பொள்ளாச்சி ரோட்டுல கிணத்துக்கடவு வரைக்கும் போவேன்."

"நாளையிலிருந்து காலைல மைதானத்துக்கு வந்துடுங்க. பெரிய ஓட்டத்துக்குத் தயார் பண்ணலாம்."

சென்னியப்பன் நம்பாமல் பார்த்தார். டீச்சர் அவர் முதுகிலிருந்து குச்சியைக் கழற்றி, துணியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அவர் படித்தார். எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை படித்தார். கையில் பாதிப் பழம் அப்படியே நின்றது.

"அப்ப இவங்க யாரும் என் பஸ்ஸுல வர்றவங்க இல்லீங்களா?"

"இன்னைக்குத்தான் ஏறினாங்க."

தூரத்தில் தொப்பிக்காரர் கையசைத்தார். சென்னியப்பனும் அசைத்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு கவலை வந்தது.

"பெரிய ஓட்டத்துல இந்தக் கொடி இருக்காதுங்களே. அப்ப யாருக்காக மெதுவாப் போறது?"

டீச்சர் துணியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கும் ஒருத்தர் ஏறுவார்ணா. போன ரெண்டு தடவையும் ஏறினவர்தான். அவரைத்தான் நீங்க பாதி வழியில இறக்கி விட்டுட்டீங்க."

யாருங்க அது என்று கேட்க வாயெடுத்தார் சென்னியப்பன். பிறகு கையிலிருந்த பாதிப் பழத்தை அந்த ஆளுக்கே ஊட்டுகிற மாதிரி தன் வாயில் போட்டுக்கொண்டார்.