காட்டெருமை மண்ணை நக்குவது ஏன்

அந்தக் காலத்தில் மலைக்காட்டு மண்ணே வாய் திறந்து பேசும். மற்றவை பேசியதைச் சொல்லவே வேண்டாம். காட்டெருமைக்கு அப்போது குளம்புவரை கறுப்பு.

பங்குனியில் மேற்குச் சரிவில் தீ பிடித்தது. ஒரு காட்டெருமை கன்று ஈன்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கன்றுக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை. தீயைத் தடுக்க ஏதாவது கிடைக்குமா என்று தாய் பக்கத்துக் குகைக்கு ஓடினாள்.

குகை நிறைய வௌவால்கள். அவை போட்ட எச்சம் காலகாலமாகக் காய்ந்து வெள்ளை உப்பாகக் குவிந்து கிடந்தது. அது விழுந்த இடத்தில் தீ ஏறாது.

"அள்ளிக்கோ, எங்க வீட்டுக் குப்பைதானே," என்றது கிழட்டு வௌவால். "மண்ணை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

கேட்டாள்.

"கன்னுக்குட்டியைச் சுத்தி ஒரு கோடு போடு. அதோட நிறுத்து," என்றது மண். "நான் அரைவயித்துக்காரி. என் பிள்ளை புல்லும் அப்படியே பழகிடுச்சு. உண்ணிச்செடி பெருந்தீனிக்காரி. இங்க சோறு பத்தாதுன்னுதான் ஆத்தங்கரையோட நிக்கிறா. இந்த எச்ச உப்பு எனக்கு எரு, விருந்து. வாசம் பிடிச்சு வந்துடுவா."

"சரி ஆத்தா."

உப்பில் இறங்கி மிதித்து வந்து, காலில் ஒட்டியதை உதறிக் கோடு போட்டாள். தீ கோட்டருகே வந்து படுத்துவிட்டது. கன்று பிழைத்தது.

அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நாளைக்கு மறுபடி தீ வந்தால்? அடுத்த வருஷம் வந்தால்? சரிவு முழுக்க உப்பைப் பரப்பினாள்.

"போதும்டி," என்றது மண்.

"உனக்கென்ன ஆத்தா? உன் பிள்ளையா வேகுது?"

மண் வாயை மூடிக்கொண்டது.

மழை வந்தது. உண்ணிச்செடி ஒரே மாதத்தில் மேலேறி வந்தாள். "கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு," என்றாள். அவள் நிழலில் புல் வெளுத்து, அமுங்கி, அழுகியது. ஆடி மாதம் தேடினால் ஒரு புல்தாள் இல்லை.

கன்று பால் மறந்து, மேயும் வயதுக்கு வந்தது. உண்ணி இலையைக் கடித்தது. வாயெல்லாம் புண்.

"அம்மா, நான் எதைத் தின்ன?"

தாய் மண்ணைக் கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள். பதில் இல்லை. அது பிறகு யாரிடமும் பேசவே இல்லை.

அவள் குனிந்தாள். போட்டதை நக்கி எடுக்கத் தொடங்கினாள்.

காட்டெருமைக்கு முழங்கால்வரை இருக்கும் வெள்ளை, மிதித்த உப்பு அன்று ஒட்டியதுதான். இன்றைக்கும் காட்டெருமை மண்ணை நக்கினால், உப்புக்கு ஆசை என்பார்கள். ஆசையாம். அன்று போட்டதை அது இன்னும் எடுத்து முடிக்கவில்லை.