சொல்லாமல் கொள்ளாமல்

சூடத்தைக் கொளுத்தி, இந்த உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் நாளை விடியும்போது என் நாக்கு வாயைவிட்டு இறங்கித் தெருவோடு நடந்து போகட்டும். நம்பாதவர்கள் வடவாற்று நாட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அந்த நாடு இப்போது அங்கே இல்லை, அது வேறு விஷயம்.

அந்த நாட்டு அரண்மனையில் குழந்தைவேலர் என்று ஓர் ஓலைக்காரர் இருந்தார். பெயர்தான் குழந்தை, வயது ஐம்பத்தெட்டு. அரசர் யாருக்குப் பதில் அனுப்பினாலும் எழுதுவது இவர்தான். எழுத்து எவ்வளவு அழகென்றால், தூக்குத் தண்டனை ஓலையை வாங்கியவன்கூட அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்னா எழுத்துடா!" என்று சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறுவானாம்.

பங்குனியில் ஒரு நாள் அரசரின் படை நொச்சிக்குடி என்ற ஊருக்குப் போனது. கலகக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனது. மூன்று நாள் புகை தெரிந்தது. பிறகு படை திரும்பி வந்தது. ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை.

குழந்தைவேலரின் தங்கை பூவாயி வாழ்க்கைப்பட்ட ஊர் அது.

சுற்றியிருந்த ஏழு நாடுகளும் கூடிப் பேசி ஓலை அனுப்பின. 'நொச்சிக்குடியில் என்ன நடந்தது?'

அரசர் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரித்தவர் தளபதி. விசாரிக்கப்பட்டவரும் தளபதி. கேள்வி கேட்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தார். பதில் சொல்ல எழுந்து எதிரே போய் நின்றார். ஒரு நாள் முழுக்க இப்படி உட்கார்ந்து எழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில், தன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கண்டுபிடித்தார். ஒத்துழைத்ததற்காகத் தனக்கு நன்றியும் சொல்லிக்கொண்டார்.

'எங்கள் படை அங்கே போகவேயில்லை' என்று முதல் பதில் போயிற்று. புகையைப் பார்த்தோமே என்றார்கள். 'போனது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று இரண்டாவது பதில். 'எல்லாரும் நலம், இனியும் கேட்டால் எங்கள் நாட்டை அவமதிப்பதாகும்' என்று மூன்றாவது. மூன்றையும் எழுதியது குழந்தைவேலரின் கை.

'நலம் என்றால் சந்தோஷம். எங்கள் தூதர் நேரில் வந்து அவர்களைப் பார்ப்பார்' என்று பதில் வந்தது.

அரண்மனை ஆடிப்போயிற்று. மந்திரி மட்டும் வெற்றிலையை மென்றபடி சிரித்தார்.

"எழுதும் ஓய்! 'நொச்சிக்குடி மக்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள்.'"

"எங்க போனாங்க, ஐயா?"

"அதான் சொல்லாமக் கொள்ளாமன்னு சொல்றேனே! சொல்லியிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமே!"

எல்லாரும் கைதட்டினார்கள். குழந்தைவேலர் எழுதினார். எழுதி முடித்தபோது, பல நாளுக்குப் பிறகு அவருக்கு மூச்சு சீராக வந்தது. போயிருந்தால் பூவாயி எங்கேயாவது இருப்பாள். ஏதோ ஓர் ஊரில், யார் வீட்டு நிழலிலாவது.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. முத்திரை வைக்குமுன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் குருவைப் பார்க்கப் போனார்.

கோட்டைக்கு வெளியே, இடிந்த சாவடி ஒன்றில் இருந்தார் முரசுச் சாமி. அதே படையில் முரசு அடித்தவர். ஒரு நாள் சண்டை நடுவிலேயே முரசை இறக்கி வைத்து, அதன் தோலைக் கிழித்துச் செருப்பு தைத்துப் போட்டுக்கொண்டு நடந்து வந்துவிட்டாராம். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. தன்னைவிட இத்தனை இளையவரை எப்படிக் கும்பிட்டு விழுவது என்று குழந்தைவேலருக்குக் கூச்சம். அதனால் வரும்போதெல்லாம் எதையாவது கீழே தவறவிட்டு, அதை எடுப்பதுபோலக் குனிவார்.

அன்று ஓலையே விழுந்தது.

"எடுங்க, வேலரே. என்ன அது?"

படித்துக் காட்டினார். "சாமி, இதில எந்தச் சொல் பொய்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒண்ணுமே பொய்யா இல்லாட்டி நல்லாயிருக்குமேன்னுதான்."

முரசுச் சாமி நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டார்.

"தங்கச்சியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"பொங்கல் சீர் கொண்டுபோனப்ப, சாமி. அரண்மனை ஆள் பின்னாலயே வந்துட்டான், உடனே வரணும்னு. அவ கொல்லையில மோர் கடைஞ்சுக்கிட்டு இருந்தா. எனக்கு அவசரம்..."

"போய்ட்டு வரேன்னு சொல்லலையா?"

"சொல்லலை. மோர்ச் செம்பும் கையுமா பொழுது சாயற மட்டும் வாசல்லயே நின்னாளாம். 'சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்ல, அடுத்த தடவை வரட்டும், பேசிக்கிறேன்'னு சொல்லியனுப்பினா."

"அப்ப நொச்சிக்குடிக்குப் போங்க. சொல்லிக்கிட்டு வாங்க. 'போய்ட்டு வாண்ணே'ன்னு அவ சொன்னப்புறம் கிளம்பினாப் போதும். எந்தச் சொல் பொய்ன்னு அப்பச் சொல்றேன்."

"அவ அங்க இல்லையே, சாமி!"

"யாரு சொன்னா?"

குழந்தைவேலர் கையிலிருந்ததைப் பார்த்தார். தான் எழுதிய ஓலையைத் தவிர வேறு சாட்சி அவரிடம் இல்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

உச்சி வெயிலில் நொச்சிக்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். காவல் நின்ற சிப்பாய், அரண்மனை ஓலைக்காரர் என்று வழிவிட்டான். ஊரில் கூரை என்று ஒன்று இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் கரிந்த மண்சுவர்கள் இடுப்பளவுக்கு நின்றன. பூவாயி வீட்டை அவருக்குக் காட்டிக் கொடுத்தது ஆட்டுக்கல். கல்யாணச் சீராக அவர் வாங்கிக் கொடுத்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கொல்லைப் பக்கம் புதிதாகக் கொத்தி மூடிய மண் தெரிந்தது. அந்த வீட்டோடு அது முடியவில்லை. தெரு நீளத்துக்கும் போயிற்று. நடுவில் ஒரு மண்வெட்டியை யாரோ மறந்து விட்டுப் போயிருந்தார்கள்.

அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசலில் நின்றுகொண்டார்.

"பூவாயி, நான் போய்ட்டு வரேன்."

வெயில் அடித்தது.

"ஏம்மா பூவாயி, அன்னிக்குச் சொல்லாமப் போயிட்டேன். தப்புதான். திட்டறதுன்னா திட்டிக்க. போய்ட்டு வரேன்."

எதிர்வீட்டில் சொல்லிப் பார்த்தார். சீர்த் தட்டோடு வரும்போதெல்லாம், "எங்களுக்கெல்லாம் ஒரு கரும்புகூடக் கிடையாதா, மாமா?" என்று வம்புக்கு இழுக்கிற வீடு அது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றி நின்று சொன்னார். பொழுது சாய்வதற்குள் தெரு முடிந்துவிட்டது. இருங்கள், மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று ஒரு குரல் இல்லை. கிளம்ப வழி தெரியாமல் ஆட்டுக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஏழு நாட்டுத் தூதர் குதிரையில் வந்து இறங்கினார். கூடவே மந்திரியும், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷியும். ஊரே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது என்று வழியிலேயே தூதரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். குழந்தைவேலரைக் கண்டதும் மந்திரி வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"நீங்கள் யார், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று தூதர் கேட்கிறார்" என்றார் துபாஷி.

"சொல்லிக்கிட்டுப் போகலாம்னு நிக்கறேன், ஐயா. போய்ட்டு வான்னு யாரும் சொல்லலை."

துபாஷிக்கு வியர்த்துவிட்டது. தூதரின் மொழியில் போவதற்கு ஒரு சொல் இருந்தது. வருவதற்கு ஒரு சொல் இருந்தது. போய்விட்டு வருவதற்கு இல்லை. "இவர் கிளம்பப் போகிறாராம்" என்று சொல்லிவைத்தார்.

தூதர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். 'ஊரில் ஒருவரைக் கண்டோம். நலமாக இருக்கிறார். அவரும் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.'

குழந்தைவேலர் எழுந்தார். "ஐயா, ஒரே ஒரு தடவை கொல்லைப் பக்கம் வந்து பாருங்க. என் தங்கச்சி வீடு ஐயா இது."

துபாஷி வாயைத் திறக்கவில்லை. அவர் தோளில் மந்திரியின் கை இருந்தது.

"வெயில் ஏறுது, விருந்து ஆறுதுன்னு சொல்லுமய்யா" என்றார் மந்திரி. அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. தூதர் குதிரை ஏறினார்.

மந்திரி பின்தங்கி, குழந்தைவேலரின் காதருகே குனிந்தார். "சாயங்காலம் தூதர் கிளம்பறதுக்குள்ள ஓலை வந்தாகணும். வரலைன்னா, ஓலைக்காரரும் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாருன்னு வேற ஆளை வச்சு எழுதிக்குவோம்."

குளம்புச் சத்தம் அடங்கியபின், தோல் செருப்பு சரசரக்க முரசுச் சாமி வந்தார். தெருவை ஒருமுறை பார்த்தார். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"சொன்னாளா?"

"இல்லை, சாமி."

"வந்தவங்க?"

"எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"போறப்ப யார்கிட்டயாவது சொல்லிக்கிட்டாங்களா?"

"இல்லை."

"அவங்களுக்கு முன்னாடி வந்துட்டுப் போனாங்களே, படையாளுங்க?"

குழந்தைவேலர் அப்போதுதான் கொல்லைப் பக்கம் திரும்பி, அந்த மண்வெட்டியை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடுப்பிலிருந்த ஓலையை எடுத்து நீட்டினார்.

"இப்பச் சொல்லுங்க, சாமி. இதில எந்தச் சொல் பொய்?"

முரசுச் சாமி ஓலையை வாங்கினார். 'நொச்சிக்குடி மக்கள்' என்ற முதல் இரண்டு சொற்களின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார்.

"மீதியெல்லாம் நெசம்தான், வேலரே. போனவங்க பேருதான் மாறிப்போச்சு."

குழந்தைவேலர் எழுத்தாணியைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் மறைத்த இடத்தில் அதன் முனையை வைத்தார்.

சரி, எனக்கு நேரமாயிற்று. இதைச் சொன்னது யார் என்று ஈ எறும்புக்குக்கூடத் தெரிய வேண்டாம். யாராவது குதிரையில் வந்து கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதோ, சொல்லிவிட்டேன்.

போய்ட்டு வரேன்.