பிணந்தின்னிகள் கேட்ட பெயர்

ஆற்றங்கரைக் காட்டில் பாறுக் கழுகுகள் கூட்டமாக வாழ்ந்தன. செத்த விலங்குகளைத் தின்று காட்டை நோய் அண்டாமல் காத்தன. ஆனாலும் மற்ற விலங்குகள் "பிணந்தின்னி" என்றே அவற்றை முகம் சுளித்து அழைத்தன.

கூட்டத்தின் தலைவி செந்தலைக்கு ஒருநாள் ஒரு யோசனை தோன்றியது. கேலிப் பெயரையே தங்கள் துப்புரவுக் கூட்டத்துக்கு வைத்தால் என்ன? அப்படியே வைத்தன. எந்த விலங்கு செத்தாலும், பிணந்தின்னிகளைக் கூப்பிடு என்று காடே சொல்லத் தொடங்கியது.

இதைப் பார்த்த நரிகளும் அதே பெயரில் கிளம்பின. நல்ல கறியைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் குட்டையோரம் போட்டுவிட்டுப் போயின. தண்ணீர் கெட்டது. முயல் குட்டிகள் காய்ச்சலில் விழுந்தன. பழி கழுகுகள் மேல் வந்தது.

அந்தக் காட்டில் பெயர்களைப் பதிவது கரடியின் வேலை. அரசுக்குரிய மருதமரத்தில் அது ஒரு கூட்டத்தின் பெயரைக் கீறிவிட்டால், வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. 'பிணந்தின்னிகள்' என்ற பெயரைத் தங்களுக்காகக் கீறும்படி செந்தலை கரடியிடம் போய்க் கேட்டது. கரடி மறுத்துவிட்டது. அது அசிங்கமான பெயராம். அதைக் கீறினால் அரசே கழுகுகளைத் திட்டியதுபோல் ஆகுமாம்.

வழக்கு அரசி யானையிடம் வந்தது.

"உங்களைத் திட்டும் பெயரை நீங்களே ஏன் கேட்கிறீர்கள்?" என்று யானை வியப்போடு கேட்டது.

"அவர்கள் சொன்னபோது வலித்தது, அரசியாரே. நாங்களே சொல்லிக்கொண்ட பிறகு வலிக்கவில்லை," என்றது செந்தலை.

யானை மரத்தைச் சுற்றி வந்து பார்த்தது. கழுதைப்புலிகளின் கூட்டத்துக்கு 'பேரழகர்கள்' என்று பெயர் கீறியிருந்தது.

"கரடியாரே, இவர்கள் பேரழகர்கள் என்று அரசா சொன்னது?"

கரடி தலையைச் சொறிந்தது. "இல்லை, அது அவர்களே வைத்துக்கொண்ட பெயர்."

"இதுவும் அப்படித்தான். கீறுங்கள்."

நாளை யாராவது முயல்களைப் பழிக்கும் பெயரோடு வந்தால் என்ன செய்வது என்று கரடி கவலைப்பட்டது. அதையும் கீறத்தான் வேண்டும் என்றது யானை. பிடிக்காத பெயரைத் தடுக்கும் கை, பிறகு பிடிக்காத பேச்சையும் தடுக்கும் என்றது.

கரடி கழுகுகளின் பெயரைக் கீறியது. அது பயந்தபடியே நடந்தது. பெயரை இழந்த நரிகள் 'மந்தமுயல் துப்புரவாளர்' என்ற பெயரோடு வந்தன. கரடி முகம் கோணிக்கொண்டே கீறியது. முயல்களுக்கு அழுகை வந்தது. ஆனால் அவை மான்களிடமும் பன்றிகளிடமும் போய் நியாயம் கேட்டன. அதன் பிறகு ஒருவரும் நரிகளை வேலைக்குக் கூப்பிடவில்லை. பசி தாங்காமல் நரிகள் வேறு காட்டுக்குப் போயின. கழுகுகள் குட்டையோரத்தைச் சுத்தம் செய்தன.

ஒரு பெயர் யாருடையதோ அவருக்கே அதைக் காத்துக் கொடுப்பதுதான் அரசின் வேலை. அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வது அதைக் காதால் கேட்கிறவர்களின் வேலை.