சாப்பிடாத இளவரசர்கள்

கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பி ஓடிய காலத்தில், முத்தலைத்துறை என்ற கடற்கரை நாட்டை உத்தண்ட வழுதி என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் எதிலும் அவனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆசை நிற்காது.

பிள்ளையில்லாத அவன், கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டுப் பிராணிகளுக்குப் பட்டுப் பரிவட்டம் கட்டி, "இன்று முதல் நீ என் பிள்ளை" என்று சபையறியச் சொல்வான். சபை கைதட்டும். அடுத்த கப்பல் வந்ததும், "சலித்துவிட்டது, வெளியே விடு" என்பான். பழைய பிள்ளை பின்வாசல் வழியே தெருவுக்குப் போய்விடும்.

அப்படிப் போனவை மூன்று. தீக்கோழி செக்கடியில் புண்ணாக்குக்குக் காத்து நின்றது. ஒட்டகச்சிவிங்கி ஊரார் கூரைகளை மேய்ந்தது. பஞ்சவர்ணக்கிளி மட்டும் மதில்மேல் உட்கார்ந்து, தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது.

பிராணிகளைத் தருவிப்பவர் மாணிக்கவேலர். மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அரசே, அந்த மூன்றும் ஊருக்குத் தொல்லை. வில்லாளிகளை விட்டு முடித்துவிடலாம். மந்திரியாரோ அவற்றுக்குத் திருட்டுத்தனமாகக் கீரை போடுகிறார்!"

"அப்படியா, அம்பலவாணரே?"

"வாடிய கீரைதான், அரசே. அவற்றை உயிரோடு விட்டுவிடுங்கள்."

"எதற்காக விடவேண்டும்?"

"உச்சிவேளை ஆயிற்று. சாப்பிட்டுவிட்டு ஆணையிடலாமே."

"அதுவும் சரி. சாப்பிட்ட கையோடு ஆணை!"

தலைவாழை இலை விரித்தார்கள். அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம். "அரச பிள்ளைகள் உண்டார்களா?" என்று கட்டியக்காரன் கூவுவான். அவர்கள் பட்டினியாக இருந்தால் அரசன் சோற்றில் கை வைக்கக்கூடாது. பிள்ளையே இல்லாததால், இத்தனை காலமும் யாரும் பதில் சொன்னதில்லை.

அன்று அம்பலவாணர் சொன்னார். "இல்லை! மூன்று பேரும் பட்டினி!"

அரசன் நெய்ச்சோற்றிலிருந்து கையை இழுத்துக்கொண்டான்.

"ஓய் மந்திரியாரே, மிருகங்கள் பிள்ளைகளா?" என்று சீறினார் மாணிக்கவேலர்.

"சொன்னது அரசர். கைதட்டியது நீர். அரசர் சொன்னது பொய் என்கிறீரா?"



"பிடித்து வாருங்கள் என் பிள்ளைகளை!" என்று அலறினான் அரசன். "சாம்பார் ஆறுகிறது!"

படை புறப்பட்டது. தீக்கோழி தானாகவே ஓடி வந்து பூசணிக்காய்க் கூட்டை முடித்து, மாணிக்கவேலரின் மோதிரத்தையும் விழுங்கியது. ஒட்டகச்சிவிங்கி வாசலில் நுழையாததால், சன்னல் வழியே தலையை விட்டு வாழை இலைகளைத் தின்றது.

கிளி மட்டும் தின்னவில்லை. சமையற்காரர் கொய்யா நீட்டினார், சேனாபதி மாதுளை நீட்டினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயசத்தில் ஆடை படர்ந்தது. அரசனுக்குக் கண் இருட்டியது.

"பசி இப்படியா இருக்கும், அம்பலவாணரே?"

"முதல் நாள் இப்படித்தான் இருக்கும், அரசே. இளவரசரைத்தான் கேட்கவேண்டும், அதற்குப் பிறகு எப்படி என்று."

அரசன் எழுந்து கிளியின் அருகே தரையில் உட்கார்ந்தான். கிளி அவனை உற்றுப் பார்த்து, அவன் குரலிலேயே சொன்னது:

"சலித்துவிட்டது, வெளியே விடு!"

அரசன் தலை குனிந்தான். கொய்யாவைக் கடித்து ஒரு துண்டாக்கி, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கிளி நெடுநேரம் யோசித்தது. பொழுது சாய்கையில் மெல்ல வந்து கொத்தியது.

அதன் பிறகுதான் அரசன் சாப்பிட்டான். எல்லாம் ஆறிப்போயிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

"அரசே, அந்த ஆணை..." என்று இழுத்தார் மாணிக்கவேலர்.

"ஆணை இதோ. இனி என் பிள்ளைகளுக்குச் செவிலித்தாய் நீர்தான். அவர்கள் உண்ட பிறகே உமக்குச் சோறு."

அம்பலவாணரை அழைத்துத் தன் தலையிலிருந்த பரிவட்டத்தை அவருக்குக் கட்டினான். "பயப்படாதீர், உம்மைப் பிள்ளையாக்கவில்லை" என்றான். மாணிக்கவேலர் தருவித்து, துறைமுகத்தில் காத்திருந்த புதுப் பிராணியை, வந்த கப்பலிலேயே அதன் நாட்டுக்கு அனுப்பச் சொன்னான்.

மறுநாள் உச்சிவேளையில் மாணிக்கவேலர், உடம்பெல்லாம் வைக்கோலாக, பசியில் தள்ளாடி வந்து நின்றார். கிளி அவரைப் பார்த்தது.

"சலித்துவிட்டது, வெளியே விடு!"

"பொறு மகனே," என்றான் அரசன். "பாவம், அவருக்கும் ஒரு இலை போடட்டும்."